வெள்ளை ஈக்கு வரப்பு தெரியாது

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிற தமிழரை நான் இதுவரை பார்த்ததில்லை. திருவண்ணாமலை உழவர் சந்தையிலும் சரி, பெங்களூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலுக்கு வரும் தள்ளுவண்டியிலும் சரி, சடங்கு ஒன்றுதான். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். அதற்கு முன்பே கண் ஒரு தேர்வை முடித்திருக்கும்: நிறம். வெளிறிப்போன, மஞ்சள் ஓடிய காயைக் கை தானாக ஒதுக்கும். வாங்குகிறவர் கணக்கில் அது பழைய காய்.

பழைய காய் இல்லை. இன்று காலை பறித்ததாகவே இருக்கலாம். அந்தச் செடிக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வைரஸ். தாவர வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. காயில் நார் கொஞ்சம் கூடும், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் நாம் ஒதுக்கிப் போடுகிற அந்தக் காய்க்குப் பயந்துதான், ஒரு இலைகூட மஞ்சள் ஆகிவிடக் கூடாது என்று தண்டராம்பட்டு பக்கத்துக் கொல்லைகளில் வாரா வாரம் மருந்தடிக்கிறார்கள். காய்ப்பு தொடங்கிய பிறகும் அடிக்கிறார்கள். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய பயிர். திங்கட்கிழமை அடித்த மருந்து புதன்கிழமை சந்தைக்கு வந்துவிடும். நாம் பச்சைப்பசேல் என்று இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், ‘சாப்பாட்டில் எல்லாம் விஷம்’ என்று ஸ்டேட்டஸ் போடுவோம்.

இந்த மருந்தடிப்பு நஞ்சு என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சண்டை போட வந்திருப்பது அதற்காக இல்லை. நஞ்சாக இருந்தும் அது வேலை செய்யவில்லை என்பதற்காக. ஒரு ஊரின் பிரச்சினையை ஒரு ஏக்கரின் பிரச்சினையாகச் சுருக்கி, பாட்டிலில் அடைத்து, ஒரு தனி ஆளின் தலையில் கட்டியிருக்கிறோம். மருந்துக் கடைக்காரர் மட்டும் கட்டவில்லை. இயற்கை விவசாயம் பேசுகிறவர்களும், என் துறைக்காரர்களான ஐடி ஆட்களும் சேர்ந்துதான் கட்டுகிறோம்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம்.

இந்த வெண்டைத் தேமல் 1924இல் பம்பாய் மாகாணத்தில் முதலில் பதிவானது. வெள்ளை ஈதான் இதைப் பரப்புகிறது என்பது 1950 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. 2003இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் ஜோஸ், ஆர். உஷா இருவரும், வைரஸோடு ஒரு துணை டிஎன்ஏ துண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய் முழு உருவம் எடுக்கிறது என்று காட்டினார்கள். வைரஸின் டிஎன்ஏ சுமார் 2,700 எழுத்துகள். துணைத் துண்டு அதில் பாதி. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை அதைவிடப் பல மடங்கு நீளம். புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. நாலாயிரம் எழுத்தில் ஒரு ஊரின் வெண்டையையே படுக்கவைக்கிற நிரலை நானும் என் டீமும் எழுதியதில்லை.

செடிக்கு வைரஸ் ஏறிவிட்டால் வயலில் அதற்கு வைத்தியம் கிடையாது. ‘வைரஸுக்கு’ என்று சொல்லி யார் எந்த டப்பாவைக் கொடுத்தாலும் சரி. நம் கையில் இருப்பது காலம் ஒன்றுதான். முளைத்து 50 நாளில் நோய் வந்தால் விளைச்சலில் 84 சதவீதம் போகும், 65 நாளில் வந்தால் 49 சதவீதம் என்று ஒரு பழைய இந்திய ஆய்வின் கணக்கைப் பாடநூல்களில் இன்றும் போடுகிறார்கள். இளஞ்செடியில் வந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே மொத்த விளையாட்டும், வைரஸ் சுமந்த வெள்ளை ஈ கொல்லைக்குள் வந்து சேரும் நாளைத் தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது.

வெள்ளை ஈ என்கிறோமே தவிர அது ஈ இல்லை. அசுவினிக்குச் சொந்தக்காரப் பூச்சி. ஒரு மில்லிமீட்டர் அளவு, மாவு பூசின மாதிரி இறக்கை. இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து ஊசி மாதிரி வாயால் சாறு உறிஞ்சும். நோய்ச் செடியில் சில நிமிஷங்கள் உறிஞ்சினாலே வைரஸ் அதன் குடலுக்குள் போய்விடும். அங்கிருந்து உடம்புத் திரவத்தில் கலந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதன் பிறகு அந்தப் பூச்சி வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமந்துகொண்டே திரியும். ஆரோக்கியமான செடியில் கால் மணி, அரை மணி உட்கார்ந்தால் போதும், வேலை முடிந்தது.

இப்போது மருந்தை இதற்குள் வைத்துப் பாருங்கள். செடிக்குள் ஊடுருவி நிற்கிற மருந்து என்றால், பூச்சி உறிஞ்சிய பிறகுதான் சாகும். அது சாவதற்குள் வைரஸை இறக்கிவிட்டிருக்கும். உங்கள் கொல்லையிலேயே பிறந்து வளர்கிற பூச்சிகளை மருந்து குறைக்கும், உண்மைதான். பக்கத்துக் கொல்லையிலிருந்து ஏற்கெனவே வைரஸோடு பறந்து வருவதை அது ஒன்றும் செய்யாது. அசுவினி பரப்பும் வைரஸ்களில் நிலைமை இன்னும் மோசம். பப்பாளி வளையப்புள்ளி வைரஸ், வெள்ளரித் தேமல் வைரஸ் இரண்டையும் அசுவினி சில நொடி குத்திப் பார்ப்பதிலேயே எடுத்து, அடுத்த செடியில் சில நொடிகளில் இறக்கிவிடும். அதற்கு மருந்தடிப்பது, பிக்பாக்கெட் அடித்தவன் பஸ் ஏறிப் போன பிறகு ஸ்டேஷனில் புகார் எழுதுகிற மாதிரி. சில மருந்துகள் அசுவினியை எரிச்சலூட்டி, ஒரு செடியில் உட்காரவிடாமல் பல செடிகளைக் குத்தவும் வைக்கும்.

என் சித்தப்பாவுக்குத் தண்டராம்பட்டு பக்கம் முக்கால் ஏக்கர் வெண்டை. கணக்கு நோட்டு எழுதுகிற மனுஷன். போன கோடையில் 11 வாட்டி அடித்திருக்கிறார். மருந்தும் கூலியுமாக 13,000 ரூபாய்க்கு மேல்.

“இத்தினி வாட்டி அடிச்சீங்களே சித்தப்பா, கேட்டுதா?”

“எங்கடா கேட்டுது? அடிச்சா அன்னிக்கு ஒண்ணு இல்ல. மூணாம் நாள் பாத்தா எலயத் தட்டினா பொகை மாதிரி கெளம்புது.”

“அப்பறம் ஏன் அடிக்கிறீங்க?”

“அடிக்காம உட்டுட்டு பயம் புடிச்சினு உக்காந்துனு இருக்கச் சொல்றியா?”

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இமிடாகுளோப்ரிட், தயோமீதாக்சம், அசிட்டமிப்ரிட், மறுபடி இமிடாகுளோப்ரிட். நாலு கம்பெனி, நாலு பேர், நாலு நிற பாட்டில். நாலும் ஒரே குடும்பத்து ரசாயனம், பூச்சியின் நரம்பில் தாக்கும் இடமும் ஒன்றே. பாட்டிலை மாற்றினால் மருந்தை மாற்றியதாக அவர் நினைக்கிறார். அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பிக்கத் தெரிந்த பூச்சிதான் மிஞ்சும், அதுதான் பெருகும். வெள்ளை ஈயிடம் இன்னொரு வசதியும் இருக்கிறது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும். ஆணிடம் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே ஒரு பிரதிதான், மறைந்து நிற்க வழியில்லை. மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்று தோன்றினால் உடனே தேர்வில் பாஸாகி அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். வெயில் காலத்தில் ஒரு தலைமுறைக்கு மூன்று வாரம் போதும். உலகம் முழுக்க 60க்கும் மேற்பட்ட பூச்சிமருந்துகளுக்கு இந்தப் பூச்சி எதிர்ப்பு காட்டியிருக்கிறது.

இதெல்லாம் புதுச் செய்தி இல்லை. 1980களின் நடுவில் ஆந்திராவின் குண்டூர் பருத்திக் காடுகளில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அள்ளித் தெளித்தார்கள். காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து, வெள்ளை ஈயைத் தின்னும் பூச்சிகளையும் அதற்குள் முட்டையிடும் சின்னக் குளவிகளையும் கொன்றது. வெள்ளை ஈ கொள்ளை நோய் மாதிரி கிளம்பியது. 30 வருஷம் கழித்து, 2015இல் பஞ்சாபின் பருத்தியிலும் வெள்ளை ஈ பேயாட்டம் ஆடியது. போலி மருந்து ஊழல், மாநில வேளாண் இயக்குநர் கைது, விவசாயிகள் தற்கொலை என்று அது அரசியலானது. அங்கே எல்லோரும் கேட்ட கேள்வி, மருந்து அசலா போலியா என்பது. அசலாகவே இருந்திருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போனது.

நோய் தாங்கும் ரகம் வந்தால் தீர்ந்தது என்பார்கள். வந்தது. பூசா சாவனி ஒரு காலத்தில் நாட்டையே ஆண்ட வெண்டை ரகம். தேமலைத் தாங்கும் என்றுதான் கொடுத்தார்கள். பிறகு அதுவே நோய்க்கு முதல் பலி ஆனது. 1980களில் மராத்வாடாவிலிருந்து பர்பானி கிராந்தி, பெங்களூர் ஆய்வகத்திலிருந்து அர்க்கா அனாமிகா, இரண்டும் காட்டு வெண்டைச் சொந்தங்களோடு கலந்து எடுத்தவை. அவையும் பின்னால் சறுக்கின. ரகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல ரகம் விவசாயிக்குச் சில வருஷம் வாங்கித்தரும். அந்தச் சில வருஷத்தில் ஊர் என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி. ஒவ்வொரு கொல்லையிலும் வருஷம் முழுக்க வைரஸைக் கொதிக்கவிட்டுக்கொண்டே புது ரகத்தை அதற்குள் இறக்கினால், அது நோய்க்கு வைக்கிற பயிற்சி வகுப்பு.

இனி நம்ம ஆட்கள். ஐடி வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்த கதையை யூடியூபில் நூறாவது பார்த்திருப்பீர்கள். திருவண்ணாமலையைச் சுற்றி அந்த மாதிரித் தோட்டங்கள் நிறையவே வந்துவிட்டன. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, அதில் பாதிப் பேர் என் நண்பர்கள். ஆனால் ‘பஞ்சகவ்யா அடிச்சேன், வைரஸ் ஓடிடுச்சு’ என்று கேமரா முன்னால் சொல்கிறவரைப் பார்த்தால் மருந்துக் கடைக்காரர் நினைவுக்கு வருகிறார். இவரும் ஒரு திரவம், அவரும் ஒரு திரவம். வேப்பெண்ணெய் கரைசலுக்குப் பூச்சியை உட்காரவிடாமல் செய்கிற குணம் உண்டு. அதற்கு மேல் அதை ஏற்றிச் சொல்வது வியாபாரம். மருந்தடிக்காத தோட்டம் புண்ணியத் தீவு என்ற நினைப்பும் கலைய வேண்டும். நோய்ச் செடியைப் பிடுங்கி எரிக்காமல் ‘இயற்கை பார்த்துக்கும்’ என்று விட்டுவைத்த தோட்டம், சுற்றியுள்ள நாலு கொல்லைக்கும் வைரஸ் சப்ளை செய்கிறது. மறுபக்கம், நீங்கள் பத்து வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய பொறிவண்டும் குளவியும் வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் கொல்லைக்குப் போய், அங்கே அடித்த மருந்தில் செத்து விழும். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து கூட்டம் கூட்டிப் பேசியவர். அவர் பெயரைச் சொல்லிக் கிளம்பியவர்களில் பலர் முதலில் செய்த வேலை வேலி போட்டது.

என் துறை இதைவிட மோசம். பெங்களூரில் ஒரு விவசாய ஸ்டார்ட்அப்பின் செயல்விளக்கத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். இலையைப் போனில் படம் எடுத்தால் நோயின் பெயர் வரும். பெயருக்குக் கீழே மருந்து, மருந்துக்குக் கீழே ‘வாங்க’ என்று ஒரு பொத்தான். நரம்புத் தேமலை அது சரியாகவே கண்டுபிடித்தது. என் சித்தப்பா அதைப் போன் இல்லாமல் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். இலை மஞ்சளாகத் தெரியும்போது வைரஸ் ஏறி ஒரு வாரம், பத்து நாள் தாண்டியிருக்கும். அந்த இடத்தில் பூச்சிமருந்தை வாங்கச் சொல்வது, வெந்த வீட்டுக்குப் பூட்டு விற்பது. அவர்களுடைய தரவுத்தளத்தின் அமைப்பைத் திரையில் காட்டினார்கள். விவசாயி என்று ஒரு அட்டவணை, நிலம் என்று ஒன்று, பயிர் என்று ஒன்று, ஆர்டர் என்று ஒன்று. அண்டை நிலம் என்று ஒன்றும் இல்லை. ஊர் என்பது முகவரியில் வரும் ஒரு சொல், டெலிவரிக்காக. வைரஸுக்கு முக்கியமான ஒரே தகவல் அதுதான்: காற்று வரும் திசையில் யார் எப்போது என்ன நட்டார்.

இங்கேதான் திருவண்ணாமலையின் கதைக்கு வர வேண்டும். இது ஏரிகளின் மாவட்டம். பழைய வட ஆர்க்காட்டிலிருந்து 1989இல் பிரிந்தது. ஏரித் தண்ணீர் பாய்ந்த காலத்தில் கழனிக்கு ஒரு பொது நாட்காட்டி இருந்தது. மழை வந்து ஏரி நிரம்பி மதகு திறந்தால் எல்லோரும் நடுவார்கள். தண்ணீர் தீர்ந்தால் எல்லோரும் நிறுத்துவார்கள். காய்கறி கிணற்றுப் பாசனம்தான் என்றாலும் கவலை ஏற்றத்தில் மாடு கட்டி இறைத்து எவ்வளவு கொல்லையை நனைத்துவிட முடியும்? கோடையில் பச்சை குறைந்துதான் கிடந்தது. பூச்சிக்கு அது பட்டினிக் காலம்.

பம்புசெட் வந்தது, போர் வந்தது, 1990ஐ ஒட்டி விவசாயத்துக்கு எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. இலவச மின்சாரத்தை நிறுத்து என்று சொல்கிற கட்சிக்காரன் நான் இல்லை, அது இல்லையென்றால் என் சித்தப்பா என்றோ திருப்பூர் போயிருப்பார். ஆனால் அதனோடு ஆளுக்கொரு நாட்காட்டியும் வந்தது. ஒருவர் தை மாதம் வெண்டை போடுகிறார், அடுத்தவர் மாசியில் தக்காளி, அதற்கடுத்தவர் சித்திரையில் மிளகாய். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கும் தீபத்துக்கும் காய் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு முன்னே பின்னே நடுகிறவர்களும் உண்டு. ஒரு கொல்லையில் பழைய வெண்டை காய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் புது வெண்டை இரண்டு இலை விடுகிறது. வெள்ளை ஈக்கு வருஷத்தில் ஒருநாள்கூடப் பட்டினி இல்லை. வைரஸ் ஒரு பயிரிலிருந்து அடுத்த பயிருக்கு, தரையில் கால் படாமல் நடந்து போகிறது.

ஏரிக் காலம் பொற்காலம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு எழுத வேண்டாம். உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம் இருந்தது, தோட்ட வாரியம்கூட இருந்தது. வாரியத்தில் உட்கார நிலமும் பிறப்பும் வேண்டியிருந்தது. மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டி பெரும்பாலும் சேரிக்காரர், அந்தத் தண்ணீர் பாய்ந்த கழனி அவருடையது இல்லை. அந்தப் பொதுமை மேலிருந்து கீழே இறங்கியது. போர் போட்ட சின்ன விவசாயி ஊர்ப் பெரியவரின் தயவு இல்லாமல் நட முடிந்ததே பெரிய விடுதலைதான். அந்த விடுதலையை விட்டுக்கொடுக்காமல் பொது நாட்காட்டியை மட்டும் எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான் கஷ்டமான கேள்வி. ஊர்க்கூட்டம் என்றாலே ஆலமரத்தடி மேளதாளம் என்று எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

இப்படிக் கட்டுப்பாடு போடுவது நடக்கிற காரியமா என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. இதே சென்னை மாகாணத்தில் 1919இல் வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு பகுதியில் பூச்சி பெருகினால், அங்குள்ள எல்லா விவசாயிகளும் என்ன செய்ய வேண்டும் என்று அரசு அறிவிக்கலாம். கோவைப் பக்கத்தில் கம்போடியா பருத்தியை ஒரு தேதிக்குள் எல்லோரும் பிடுங்கிவிட வேண்டும் என்ற உத்தரவு இந்தச் சட்டத்தின் கீழ்தான் வந்தது. பருத்திச் செடியே இல்லாத சில வாரங்கள் இருந்தால் பூச்சியின் சங்கிலி அறுந்துவிடும் என்பது கணக்கு. வெள்ளைக்காரன் சட்டம், தண்டனை மிரட்டல் எல்லாம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பூச்சி பொதுப் பிரச்சினை என்ற புரிதல் நூறு வருஷம் முன்னால் கோட்டைக்கு இருந்தது. நம் மாவட்டத்து மல்லாட்டைக் கொல்லைகளில் சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு அதே மாதிரிதான். கோடை மழை பெய்ததும் அந்துப்பூச்சி கூட்டமாகக் கிளம்பும். அன்று ராத்திரி ஊரே சேர்ந்து விளக்குப் பொறியும் தீயும் வைத்தால்தான் பலன். ஒருவர் மட்டும் வைத்தால் ஊர்ப் பூச்சியெல்லாம் அவர் கொல்லைக்கு வரும்.

மல்லாட்டை என்றதும் அனந்தபூர் ஞாபகம் வருகிறது. 2000ஆம் ஆண்டு அங்கே சுமார் 2,25,000 ஹெக்டேர் நிலக்கடலை ஒரு வைரஸில் போனது. 300 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று மதிப்பிட்டார்கள். வைரஸ் ஒளிந்திருந்த இடம் பார்த்தீனியம். செடியில் அறிகுறியே தெரியாது. அதன் மகரந்தத்தை இலைப்பேன் சுமந்து வந்து கடலையில் கொட்டியது. பார்த்தீனியம் யாருடைய நிலத்தில் வளர்ந்தது? சாலை ஓரம், புறம்போக்கு, தரிசு. அதைப் பிடுங்க வேண்டிய ஆள் எந்த விவசாயி?

டெங்குவோடு ஒப்பிட்டால் நம் பைத்தியக்காரத்தனம் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு பூச்சி, ஒரு வைரஸ், அதே அமைப்பு. 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. இன்றைக்கும் உங்கள் வீட்டு மாடியில் தேங்காய் ஓட்டில் தண்ணீர் நின்றால் மாநகராட்சி ஆள் வந்து கவிழ்த்துவிட்டு நோட்டீஸ் கொடுக்கிறார். ‘டெங்கு உன் சொந்தப் பிரச்சினை, கொசுவத்தி வாங்கிக்கோ’ என்று எந்த அரசாவது சொன்னால் ஆட்சி நிற்குமா? வெண்டைக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வெளியே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். டொமினிக்கன் குடியரசில் 1990களின் தொடக்கத்தில் தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டை வைரஸ் வந்து இறங்கியது. பரப்பியது இதே வெள்ளை ஈ. தக்காளி பதப்படுத்தும் தொழிலே படுக்கும் நிலை. மருந்தை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அரசு ஒரு உத்தரவு போட்டது: வருஷத்தில் மூன்று மாதம், வெள்ளை ஈ பெருகும் பயிர் எதையும் அந்தப் பகுதிகளில் யாரும் நடக் கூடாது. இடைவெளி முடிந்து நட்ட தக்காளிக்கு, வைரஸ் சுமந்த பூச்சி வருவதற்கே பல வாரம் ஆனது. அதற்குள் செடி தேறிவிட்டது. நல்ல ரகங்களும் சேர்ந்துகொள்ள, விளைச்சல் மீண்டது. அங்கே ஆலைகள் சில, ஒப்பந்த விவசாயம், ஒரு உத்தரவில் காரியம் நடந்தது. இங்கே அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று ஆயிரம் பேர். இரண்டும் ஒன்று என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். பூச்சி இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

அந்த மாதங்களில் சோற்றுக்கு என்ன வழி? இது நியாயமான கேள்வி. நிலத்தைத் தரிசு போடச் சொல்லவில்லை. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் இந்த வைரஸுக்கும் வெள்ளை ஈக்கும் ஆகாத பயிர். வெண்டையில் வரும் காசு அவற்றில் வராது, அதனால் வித்தியாசத்தை அரசு கொடுக்க வேண்டும். பணம் எங்கே என்பீர்கள். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளைப் படியுங்கள். வறட்சி, வெள்ளம் வரிசையில் ‘தடுக்க முடியாத ஆபத்துகள்’ என்று பூச்சி, நோயையும் சேர்த்திருக்கிறார்கள். இழப்பைக் கணக்கிடுவது தனி வயலை வைத்து இல்லை, பகுதியின் சராசரி விளைச்சலை வைத்து. அதாவது நஷ்டம் வந்த பிறகு இது ஒரு பகுதியின் பிரச்சினை என்று அரசுக்குத் தெரிகிறது. வருவதற்கு முன்னால் மட்டும் அது என் சித்தப்பாவின் பிரச்சினை.

எந்த வாரங்கள் என்பதை எண்ணித்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறியை ஹெக்டேருக்கு 12 வைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அது பூச்சியைப் பிடித்து ஒழிக்க இல்லை, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க. நம் கொல்லைகளில் அதைத் திருஷ்டிப் பொம்மை மாதிரி கட்டித் தொங்கவிட்டுவிட்டு யாரும் எண்ணுவதில்லை. ஒரு ஊரில் இருபது இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை எண்ணி, மகளிர் குழுப் பெண்கள் ஒரு நோட்டில் எழுதினால் இரண்டு வருஷத்தில் அந்த ஊரின் வெள்ளை ஈ நாட்காட்டி கிடைத்துவிடும். எண்ணுகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், சேவை என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. இதற்கு ஆப் தேவையில்லை. என் தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன், நாற்பது பக்க நோட்டு போதும். மாவட்டத்திலேயே வாழவச்சனூரில் வேளாண் கல்லூரி இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். நாற்றங்காலுக்கு வலைக்கூண்டு, கொல்லையைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம், நோய்ச் செடியை மொட்டு வைக்கும் முன்னே பிடுங்குவது என்று அவர்கள் சொல்லித்தருகிற எல்லாமே நல்ல யோசனைதான். எல்லாமே ஒரு வயலுக்கு எழுதப்பட்டவை.

இதையெல்லாம் சொன்னபோது சித்தப்பா நோட்டை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டார். “சரிடா, மொதல்ல எவன் நிறுத்தறது?”

முதலில் நிறுத்துகிறவர் நஷ்டப்படுவார், அவர் நிறுத்தியதால் ஏறிய விலையில் பக்கத்துக் கொல்லைக்காரர் சம்பாதிப்பார். ஆகவே இதை எந்தத் தனி விவசாயியிடமும் கேட்கக் கூடாது. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடத்துகிறோம். தண்டராம்பட்டு, செங்கம் பக்கத்தில் ஏதாவது ஒரு பிர்க்காவை எடுத்து, அதிலுள்ள எல்லா ஊராட்சிகளும் ஒரே தேதியைத் தீர்மானமாகப் போடட்டும். குத்தகைக்கு எடுத்து நடுகிறவரின் பெயரும், வெண்டை பறிக்கும் கூலிப் பெண்களின் பெயரும் பட்டியலில் இருக்கட்டும், பட்டா வைத்திருப்பவர் பெயர் மட்டும் இல்லை. பணம் முன்கூட்டியே கணக்கில் ஏறட்டும். மூன்று கோடை செய்து பார்க்கலாம். அந்த மூன்று கோடையிலும் சித்தப்பாவின் நோட்டில் மருந்துக் கணக்கு எத்தனை வரி வருகிறது என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.